மீனம்மா வாங்காத புடவை

மீனம்மா தன் மகள் கல்யாணத்தில் செய்த காரியத்தைப் பற்றி, நோர்வூட் பக்கத்திலுள்ள அவள் தோட்டத்தில் இன்னமும் இரண்டு கட்சி உண்டு. குழாயடியில் ஒரு கட்சி, "அவ செஞ்சதுதான் சரி, வேற என்னத்த செய்வா?" என்னும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மறு கட்சி, "பெத்த புள்ளய சபையில தலகுனிய வச்சிட்டாளே" என்று உச்சுக்கொட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் முழுக் கதை தெரியாது. அன்று சாயங்காலம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நடந்தது மீனம்மாவுக்கும் அவள் புருஷன் வீரய்யாவுக்கும் மட்டுந்தான் தெரியும்.

மீனம்மாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். ஆள் குள்ளம், வாய் பெரிசு. அவள் வாய்க்குப் பயந்து கங்காணியே அவள் கொழுந்து பறிக்கும் நிரையை விட்டு ஒதுங்கித்தான் நடப்பார். வீரய்யா அதற்கு நேர்மாறு. ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவர். அந்தத் தூசும் சூடும் அவருடைய நெஞ்சை அரித்துவிட்டன. ஆனாலும் கிண்டல் மட்டும் குறையவில்லை. பெண்சாதி கத்தினால், "மழ வருது, துணிய எடுங்கடா" என்பார். அவ்வளவுதான் அவருடைய சண்டை.

கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துப் பெற்ற ஒரே பிள்ளைதான் வினோதா. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் மீனம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டி வந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா கீழே ஆற்றோரம். அவளுக்கு நிரை கொடுத்ததோ மேலே, பைனஸ் மரங்களுக்குப் பக்கத்தில். பத்து மணிக்குப் பால் கட்டி மார் கல்லாகிவிடும். சட்டை நனைந்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்குவரை ஈரம் இறங்கும். கூடையை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடுவாள். அட்டை கடிப்பது தெரியாது, முள் கிழிப்பது தெரியாது. பிள்ளை வாயில் மாரை வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். பத்து நிமிஷத்தில் மறுபடி ஏற்றம். ஒருநாள் கணக்கப்பிள்ளை, "பால் குடுக்கப் போனா அங்கேயே குடியிருந்திருவியா?" என்று கத்தினார். "ஒங்க ஆத்தாளும் இப்படி ஓடிப் போயித்தான் ஐயா ஒங்கள வளத்தாங்க" என்றாள் மீனம்மா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இப்படி ஒன்றரை வருஷம் ஓடினாள். அதைப் பெரிய காரியமென்று அவளும் நினைக்கவில்லை, வேறு யாரும் சொல்லவுமில்லை. மலையில் எல்லாப் பொம்பளையும் ஓடியதுதானே.

வினோதா படித்தாள். ஹட்டனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து மோட்டார் சாமான் கடையில் வேலை செய்த இசுருவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். கினிகத்தேனைச் சிங்களப் பையன். மீனம்மா மூன்று நாள் வாய் திறக்கவில்லை. லயத்து வரிசை வீடெல்லாம் பயந்துவிட்டது. நான்காம் நாள் வீரய்யாதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏ மீனா, நம்ம சொந்தக்காரன் வந்தா குந்த கதிர இல்லியான்னு கேக்குறான். அந்தப் பையன் தரையில குந்தி, நீ குடுத்த சாயத்தண்ணிய மிச்சமில்லாம குடிச்சிட்டுப் போறான். வேற என்ன வேணும் ஒனக்கு?"

"அவங்க சாமி வேற, சாங்கியம் வேற. எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. சபையில எதையாச்சும் தப்பா செஞ்சிட்டா?"

"நான் பக்கத்துல நிப்பேன்ல. சொல்லித் தாறேன்."

இரண்டு கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். முதலில் கினிகத்தேனை மண்டபத்தில் அவர்கள் முறை, பின்னால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நம் முறை. சிங்கள முறைக் கல்யாணத்தில் நேகத் என்ற நல்ல நேரம்தான் ராஜா. ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிஷத்துக்குப் போருவ என்கிற மணமேடையில் ஏற வேண்டும், பத்து மணி ஆறு நிமிஷத்துக்கு இறங்க வேண்டும் என்று ஜோசியர் நிமிஷக் கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வீரய்யாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றி டிக்கோயாவுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய். உதட்டில் நீலம். டாக்டர், "ஆள் கொஞ்சம் பலவீனம், பார்ப்போம்" என்றார். கோயில் கல்யாணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள். நேகத்தைத் தள்ள முடியாது. இந்த நேரம் தப்பினால் ஏழு மாதத்துக்கு நல்ல நாள் இல்லையாம்.

"நீ போ. நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றார் வீரய்யா. "மாப்புள்ள ஒனக்கு ஒரு புடவ குடுப்பாரு. ரெண்டு கையாலயும் வாங்கிக்க. அதான் முக்கியம்."

"அம்புட்டுத்தானா?"

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுத்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வினோதா ஃபோனில் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா எல்லாத்தையும் வெவரமா சொல்லிட்டாருதானே? நாளைக்கு மேடையில நடக்கிறது எல்லாம்?" அப்போது மீனம்மா ஒரு கையில் புருஷன் துப்பிய கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். தாதி வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சொன்னாரு, சொன்னாரு. நீ தலைய நனைக்காத, சளி புடிச்சிக்கும்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மீனம்மா மண்டபத்துக்குள் கால் வைத்தாள். எங்கே பார்த்தாலும் வெள்ளை. மேடையைச் சுற்றி வெள்ளைப் பூ, வாழ்த்துப் பாட நின்ற ஐந்து சின்னப் பெண்களும் வெள்ளைத் தாவணி. மீனம்மா தன் சிவப்புப் பட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கூட வந்திருந்த வீரய்யாவின் தங்கச்சி செல்லாயி காதுக்குள் வந்தாள்.

"என்ன மதினி, கல்யாணமா எழவா? ஒரு மஞ்ச, குங்குமம் காணோமே."

"வாய மூடு. அவங்க வழக்கம்" என்றாள் மீனம்மா. சொன்னாளே தவிர, கழுத்துத் தாலிக்கயிற்றைக் கை தேடியது.

முழவு அடித்தார்கள். வினோதா கண்டிச் சேலையில் மேடை ஏறினாள். நெற்றிச்சுட்டியும் ஏழு அடுக்கு மாலையுமாக, தன் பிள்ளைதானா என்று மீனம்மாவே ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. மாமன்தான் விரல் கட்டித் தண்ணீர் வார்க்க வேண்டும் என்றார்கள். மீனம்மாவின் அண்ணன் பொன்னையா பெருமையோடு மேடை ஏறினார். தாய்மாமன் மரியாதை இங்கேயும் இருக்கிறதே என்று அவருக்கு ஒரே பூரிப்பு. பெண் மாப்பிள்ளையின் சுண்டு விரல்களை நூலால் கட்டி, செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். மீனம்மாவுக்கும் அப்போதுதான் மனசு கொஞ்சம் இறங்கியது. நம்ம முறைக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தாள்.

சடங்கு நடத்துகிறவர் மைக்கில் மணப்பெண்ணின் தாயாரைக் கூப்பிட்டார். மீனம்மா மேடைக்கு முன்னால் போய் நின்றாள். புடவை என்று வீரய்யா சொன்னது நினைவிலிருந்தது. இரண்டு கையையும் நீட்டினாள்.

இசுரு ஒரு தட்டோடு குனிந்தான். தட்டில் இருந்தது வெள்ளைத் துணி. கஞ்சி போட்டு மடித்த வெறும் வெள்ளை. கரை இல்லை, ஒரு பூ இல்லை.

மீனம்மாவின் சனத்தில் ஒரு பொம்பளை கைக்கு வெள்ளைப் புடவை வருவது ஒரே ஒரு நாளில்தான். புருஷனைத் தூக்குகிற அன்றைக்கு. அதைக் கொண்டுவந்து போடுகிறவன் கூடப்பிறந்தவன். இதோ, கூடப்பிறந்த பொன்னையா செம்புத் தண்ணீரும் கையுமாக மேலே நிற்கிறார். முன்னால் வெள்ளைப் புடவை. அங்கே டிக்கோயாவில் மூக்கில் குழாயோடு ஒருத்தர். மீனம்மா நீட்டிய இரண்டு கையையும் வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்."

இசுரு புரியாமல் இன்னும் கொஞ்சம் குனிந்தான். "அம்மா, மே..." என்று, இதோ என்பதுபோல் தட்டை நீட்டினான்.

"எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு!" என்று கத்திவிட்டாள் மீனம்மா. பக்கத்தில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரிந்தவர்கள் திடுக்கிட்டார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

மேலேயிருந்து வினோதா மெல்ல, "அம்மா, வாங்குங்கம்மா" என்றாள். மீனம்மா தலையை ஆட்டினாள். வினோதா இன்னொரு தரம் சொல்லவில்லை. அவள் முகம் கீழே போயிற்று. அந்த மாலைகளின் பாரத்தில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

சடங்கு நடத்துகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கும் நேரத்துக்கு ஆறு நிமிஷம். இசுருவின் அம்மா கருணாவதியிடம் குனிந்து ஏதோ சொன்னார். கருணாவதி தன் தங்கச்சியைப் பார்த்தாள். இசுருவின் சின்னம்மா அவள், நல்ல உயரமான பெண். எழுந்து வந்து மீனம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் அந்தத் துணியை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படம் பிடிக்கிறவன் மூன்று நான்கு தரம் பளிச் பளிச்சென்று எடுத்தான். வெற்றிலை கொடுத்துக் கும்பிடும்போது வினோதா தாய் காலில் விழுந்தாள், முறை தவறாமல். எழும்போது அவள் கண் தாயைத் தேடவில்லை.

தேங்காய் உடைத்தார்கள். நேரத்துக்கு இறங்கினார்கள். எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். செல்லாயிக்கு மட்டும் ஏக சந்தோஷம். "நல்ல வேல செஞ்சீங்க மதினி. அண்ணன் உசுர காப்பாத்திட்டீங்க" என்று இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள். மீனம்மா சோற்றைத் தொடவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் மகளின் குனிந்த தலை குறுக்கே வந்தது.

கருணாவதி ஒரு தட்டில் பால்சோற்றோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று மீனம்மா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவள் பிழைத்ததே அப்படித்தான். ஆனால் கருணாவதியின் கண் கலங்கியிருந்தது. என் மகன் என்ன பிழை செய்தான், உங்களுக்கு அவனைப் பிடிக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டாள். மீனம்மாவுக்குச் சந்தைச் சிங்களம் வரும். வெள்ளைத் துணி எங்கள் ஆட்களுக்குச் சாவுத் துணி, என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

கருணாவதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அம்மே" என்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, மேடையில் படத்துக்கு நின்றுகொண்டிருந்த வினோதாவைக் காட்டி, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா துன்ன கிரிவலட தென ரெத்தக்."

அம்மா கொடுத்த பாலுக்காகக் கொடுக்கிற துணி. உன் பிள்ளையை நான் கொண்டுபோகிறேன், நீ அவளுக்குக் கொடுத்த பாலுக்கு ஈடு இல்லை, ஆனாலும் இதை வாங்கிக்கொள் என்று மாப்பிள்ளை தாயைக் கும்பிட்டுக் கொடுப்பதாம். வெள்ளை என்பது பாலின் நிறமாம். கருணாவதியின் அம்மா தனக்குக் கிடைத்ததைச் சாகும்வரை அலுமாரியில் வைத்திருந்தாளாம்.

மீனம்மாவுக்கு மார் வலித்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பைனஸ் மரத்தடியில் வலித்த அதே வலி. அந்தப் பாலைப் பற்றி இத்தனை காலத்தில் ஒரு மனிதர் வாயைத் திறந்து கேட்டதில்லை. கூலி கொடுத்தவனும் கேட்டதில்லை, குடித்தவளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு வேற்று மனுசன் இத்தனை பேர் முன்னால் குனிந்து நின்று, அதற்குத்தான் இது என்று நீட்டியிருக்கிறான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நாலு மேசை தள்ளி அந்தச் சின்னம்மா யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி அவள் கைப்பைக்கு அடியில் கிடந்தது. பாவம், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. சபையைக் காப்பாற்ற வந்தவள். ஆனாலும் தான் கொடுக்காத பாலுக்கு அவள் வாங்கிக்கொண்டாள் என்று நினைக்க மீனம்மாவுக்கு வயிறு எரிந்தது. போய்க் கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். செல்லாயி முந்தானையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?"

"அந்தப் புடவய கேட்டு வாங்கப் போறேன். அது எனக்குள்ளது."

"புத்தி கெட்டுப்போச்சா மதினி? அண்ணன் அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. நீங்க வெள்ளச் சீலய கேட்டு வாங்குவீங்களா? வாங்கினீங்கன்னா நாளைக்கு என்ன ஆனாலும் ஒங்க கைதான்."

மீனம்மா நின்றாள். இருதலைக்கொள்ளி எறும்பின் பாடு. இந்தப் பக்கம் பெற்ற மகள், அந்தப் பக்கம் கட்டியவர். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

பெண் புறப்படும் நேரம் வந்தது. வினோதா சிவப்புச் சேலை மாற்றிக்கொண்டு எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதாள். தாயிடம் வந்தபோது அழுகையை நிறுத்திக்கொண்டாள். "அப்பாவ பாத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான். "அம்மா" என்ற சொல்கூட அதில் இல்லை. கார் கதவு மூடிக்கொண்டது.

மீனம்மா ஹட்டனில் கல்யாண வான் வண்டியை விட்டு இறங்கி, பஸ்ஸில் டிக்கோயாவுக்குப் போனாள். ஐந்து மணிக்கு வார்டுக்குள் விட்டார்கள். ஆள் இருக்கிறாரா என்று வாசலிலிருந்தே பார்த்தாள். வீரய்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேற்றைவிட முகம் தெளிவு. மீனம்மாவுக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, நான் வாங்காததால்தான் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள்.

"புள்ள எப்பிடி இருந்துச்சி?" என்றார்.

"மகராணி மாதிரி இருந்துச்சி."

"பொன்னையா மச்சான்தானே தண்ணி ஊத்தினாரு?"

"ஆமாங்க. நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு."

வீரய்யா மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "எங்க, புடவய காட்டு" என்றார். "வெள்ளப் புடவதானே?"

மீனம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"புள்ள பொங்கலுக்கு வந்தப்பவே சொல்லிட்டுது. பாலுக்குக் குடுக்கிறதாமே." குழாய் இழுத்தது. கொஞ்சம் நின்று தொடர்ந்தார். "அம்மா வெள்ளயின்னா பயந்துரும், கலர்ல எடுக்கச் சொல்லவாப்பான்னு கேட்டுச்சி. வேணாம், அவங்க முறப்படி செய்யட்டும், அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னேன். அதுக்குள்ள இங்க வந்து விழுந்துட்டேன். இந்தக் கெடையில கெடந்துக்கிட்டு, வெள்ளச் சீல வரும், வாங்கிக்கன்னு எப்பிடிச் சொல்ல? ஒம் மூஞ்சியப் பாத்தேன், நாக்கு எழும்பல. மேடையில வச்சிக் குடுத்தா வாங்கிக்குவன்னு நெனச்சேன்."

மீனம்மா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நீ அந்த மலையிலருந்து ஓடி வருவியே, சட்டையெல்லாம் நனஞ்சி. ஸ்டோர் ஜன்னல் வழியா நான் பாப்பேன். நான்கூட ஒனக்கு ஒன்னும் வாங்கித் தரல. அந்தப் பையன் குடுக்குறானேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். காட்டு பாப்போம்."

"நான் வாங்கலங்க."

வீரய்யா அவளையே பார்த்தார்.

"சபையில, மாப்புள்ள நீட்டினப்போ?"

"ஆமா."

"பாவி மக. எனக்காகவா?"

"வேற யாருக்காக?" என்றாள் மீனம்மா. அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரய்யா கிண்டல் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுது ஓயும்வரை அவள் கையைப் பிடித்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் இன்னும் எத்தன நாளைக்கு, மீனா? நான் போனப்புறம் ஒனக்கு இருக்கிறது அவ ஒருத்திதானே."

மணி அடித்தார்கள், பார்க்க வந்தவர்கள் வெளியே போகும் நேரம். மீனம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, வினோதா எடுக்கவில்லை. நோர்வூட் பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. மீனம்மா மறுபடி ஃபோன் போட்டாள்.